கட்டிக்கு ஜோசியம் பாக்கறவங்க

மொதல்ல அந்தக் கையை எடு கண்ணு. வெடியால புடிச்சு அந்த நாயோட விலாவை அமுக்கிக்கிட்டே இருக்கறே. அதும் லேப்ரடாருங்காட்டி வாலை ஆட்டிக்கிட்டு நிக்குது. நம்ம தோட்டத்துக் கருப்பனா இருந்தா நீ இந்நேரம் கட்டிக்கு வைத்தியம் பாத்துக்கிட்டு இருக்க மாட்டே, கைக்குத் தையல் போட்டுக்கிட்டு இருப்பே.

நாய்க்குக் கட்டின்னு ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னாப் போதும், படிக்காத டாக்டரு நம்மூருல எத்தனை பேருன்னு தெரிஞ்சுரும். பால் ஊத்தறவன் பாத்துப்போட்டு சூட்டுக்கட்டிங்கறான். உன்ற மாமன் கார்ல இருந்து எறங்காமலே, "அது கொழுப்புக்கட்டி மாப்ளே, நமக்கும் இருந்துச்சு"ன்னு சொல்லிப்போட்டுப் போறான். அவன் சொன்னது அவன் நாயைப் பத்தியா, அவனைப் பத்தியேவான்னு எனக்கு இன்னும் வெளங்கல. உங்கம்மா ஆரோ கண்ணு வெச்சுட்டாங்கன்னு மொளகா சுத்திப் போடறா. நீ ராத்திரி பூரா போனைத் தேச்சு, கேன்சரு, இன்னும் மூணு மாசம்னு கணக்கு முடிச்சு, கண்ணு செவந்து உக்காந்திருக்கறே. வட்டல்ல வெச்ச சோத்தைத் தின்னுபோட்டு நிம்மதியாத் தூங்கினது அந்த நாயி ஒண்ணுதான்.

சரி, அது கட்டிதானான்னு பாத்தயா?

சிரிக்காதே. கட்டின்னு மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வர்றதுல உண்ணியும் இருக்கும். ரத்தம் குடிச்சு ஊதிப்போன உண்ணி பட்டாணி அளவுக்கு நிக்கும். முடியை வகுந்து வெளிச்சத்துல பாரு. சாம்பல் நெறத்துல மினுங்கும், தோலோட ஒட்டியிருக்கற எடத்துல துளியூண்டு துளியூண்டா காலு ஆடும். ஆடுச்சுன்னா அது உண்ணி, கேன்சரு இல்ல. இதுக்கு நேரெதிரா இன்னொரு கூட்டம் இருக்குது. கடுவன் நாய்க்கும் வயித்துல ரெண்டு வரிசையாக் காம்பு உண்டுங்கறது அவங்களுக்குத் தெரியாது. உண்ணின்னு நெனச்சு இடுக்கி வெச்சு இழுப்பாங்க பாரு. அந்த நாயி அன்னையில இருந்து அவங்களைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில போயிப் பூந்துக்கும்.

நெஞ்செலும்பு முடியற எடத்துல குருத்தெலும்பு ஒண்ணு துருத்திக்கிட்டு இருக்கும். நாயி எளைச்சா அது கைக்குத் தட்டுப்படும். அதுவும் கட்டி இல்ல. இன்னொண்ணு சொல்றேன், உன்ற ஊட்டு அம்மிணி சித்த அக்கட்டால போகட்டும். கடுவன் நாயி குஷியில இருக்கறப்ப அடிவயித்து உறைக்குள்ளாற ரெண்டு பக்கமும் உருண்டையா வீங்கும். அலறி அடிச்சு வண்டியில தூக்கிப் போட்டு டவுனுக்கு ஓடினா, போயிச் சேர்றதுக்குள்ள வடிஞ்சு போயிருக்கும். டாக்டரு நாயை ஒருக்காப் பாப்பாரு, உன்னை ஒருக்காப் பாப்பாரு. அது ஆண்டவன் குடுத்த அமைப்பு, விட்டுரு. உள்ள போகாம வெளியவே நின்னுக்கிட்டு நாயி நக்கிக்கிட்டே இருந்தா மட்டும் அது வேற சங்கதி, உடனே காட்டோணும்.

குட்டி நாய்க்குத் தொப்புள்ள மெத்துனு ஒரு உருண்டை இருந்து, அமுக்கினா உள்ள போச்சுன்னா அது குடலெறக்கம். அதைக் குத்தறேன், புழியறேன்னு போயிராதே, உள்ள இருக்கறது குடலா இருக்கும். அது கெட்டியாகி உள்ள போகாம, குட்டி வாந்தி எடுத்துச்சுன்னா வெடியட்டும்னு பாக்காதே. தடுப்பூசி போட்ட எடத்துல வர்ற சின்ன முடிச்சு ரெண்டு மூணு வாரத்துல கரைஞ்சு போகும்.

அப்புறம் இந்தக் கிரானைட்டு சீக்கு. இதைக் கோயமுத்தூருக்காரனுக்குச் சொல்லியே ஆகோணும். ரேஸ்கோர்ஸ்லயும் வடவள்ளியிலயும் பங்களா கட்டறீங்க, தரையில மூஞ்சி தெரியற அளவுக்குப் பளபளன்னு கல்லைப் போடறீங்க. அதுல அம்பது கிலோ நாயி நாளுக்கு நூறு தடவை பொத்து பொத்துனு முழங்கையை ஊனி விழுகுது. முதல்ல அந்த எடத்துல தோலு காச்சுப் போகும், பொறவு உள்ளாற நீர் கோத்து மெதுமெதுன்னு வீங்கும். நீ என்ன பண்றே? அதை ஊசி வெச்சு உறிஞ்சுங்கன்னு டாக்டரைப் போயி நச்சரிக்கறே. சும்மா சும்மா உறிஞ்சினா சீழ்தான் புடிக்கும். கட்டுத்தரையில கெடக்கற பழைய சாக்கு நாலை எடுத்து மடிச்சுப் போடு. பெருசாகாம இருந்தா பாதி நாய்க்கு அதுவே போதும். நாப்பது லட்சம் போட்டுத் தரை போட்டவனுக்குச் சாக்கு போட மனசு வராதுங்கறது எனக்குந் தெரியும்.

இனி நெசக் கட்டிக்கு வருவோம். மூணு வயசுக்குள்ள இருக்கற எளநாய்க்குக் காதுலயோ மூஞ்சியிலயோ காலுலயோ செவப்பா, மொட்டையா, சட்டைப் பொத்தான் அளவுல ஒண்ணு திடீர்னு மொளைக்கும். கிடுகிடுன்னு வளரும். பாக்கப் பயமா இருக்கும். அதுல நெம்ப ஒரு ரெண்டு மூணு மாசத்துல தானா அடங்கிப் போறதுதான். குட்டிகளுக்கு வாயில கொத்துக் கொத்தா வர்ற மருவும் அப்படித்தான், வைரஸால வர்றது, மேலுக்கு எதிர்ப்புச் சக்தி வந்ததும் உதிர்ந்துரும். இங்கதான் வேடிக்கை. அந்த ரெண்டு மாசத்துக்குள்ள ஆரு விபூதி போட்டாங்களோ, ஆரு கயிறு கட்டினாங்களோ, ஆரு மஞ்சளும் சுண்ணாம்பும் கொழைச்சுத் தடவுனாங்களோ, பேரு அவங்களுக்குப் போகும். தானா போற கட்டியிலதான் நாட்டுல பாதி வைத்தியரு பொழைக்கறாங்க. போகாத கட்டி வந்தா, "நாள் கடத்திக் கொண்டுட்டு வந்துட்டீங்களே"ம்பாங்க.

வயசான, கொழுத்த நாயிக்கு விலாவுல, நெஞ்சுல, வயித்துல தோலுக்கு அடியில மெத்துனு நழுவுற கட்டி பெரும்பாலும் கொழுப்புதான். உன்ற லேப்ரடாரு அந்த ஜாதி. அது மேல தப்பில்ல. அதுக்குத் தோசை, நெய்ப் பொங்கல், மிச்சம் மீதி பிரியாணின்னு போட்டு வளத்தினது ஆரு? அந்த மாதிரிக் கட்டி பல வருசம் இருந்தாலும் ஒண்ணும் பண்ணாது. நடக்கறதுக்கு இடைஞ்சலா வளந்தாத்தான் எடுக்கோணும்.

ஆனா "பெரும்பாலும்"னு சொன்னேன் பாரு, அந்த வார்த்தையில ஒரு கள்ளன் ஒளிஞ்சிருக்கறான். மாஸ்ட் செல் கட்டின்னு டாக்டருங்க சொல்லுவாங்க. நாய்த் தோலுல வர்ற கெட்ட கட்டிகள்ள அடிக்கடி பாக்கறது அதுதான். லேப்ரடாரு, பாக்ஸரு, அப்புறம் ஹட்ச் வெளம்பரத்தைப் பாத்துப்போட்டு ஊரெல்லாம் வாங்கிவுட்ட பக்கு, இதுகளுக்கு அது எச்சு. அதுக்குன்னு ஒரு உருவம் கெடையாது. ஒரு நாய்க்கு மரு வேஷம் போடும், இன்னொரு நாய்க்குப் புண்ணு வேஷம் போடும், உன்ற மாமன் பாத்தா அச்சு அசல் கொழுப்புக்கட்டியாவே மெத்துனு உக்காந்திருக்கும். அந்தச் செல்லுக்குள்ளாற ஹிஸ்டமின் மாதிரிச் சரக்கு ரொப்பி வெச்சிருக்குது. அமுக்கினா அது கொட்டி, சுத்தி செவந்து, தடிச்சு, நாயி சொறிய ஆரம்பிச்சுரும். இப்பத் தெரியுதா கையை ஏன் எடுக்கச் சொன்னேன்னு? இன்னொரு லட்சணம், இன்னிக்குப் பெருசா இருக்கும், நாளானிக்குச் சிறுசாயிரும். சிறுசாயிருச்சு, இனி வெசனமில்லைன்னு நீ கோனியம்மனுக்குத் தேங்கா ஒடைச்சுட்டு வருவே. அது உள்ளாற சோலியைப் பாத்துக்கிட்டு இருக்கும்.

அதுனாங்காட்டித்தான் சொல்றேன், கண்ணால பாத்தும் வெரலால தொட்டும் கட்டிக்குப் பேரு வெக்க ஒருத்தராலயும் முடியாது. வயசானவன் சொன்னா செரியா இருக்கும்னு நெனைக்காதே. எம்பது வயசுல எனக்குத் தெரிஞ்சது, என்னால சொல்ல முடியாதுங்கறதுதான். அனுபவப்பட்ட நாய் டாக்டரே தொட்டுப் பாத்து முடிவு சொல்ல மாட்டாரு. சொன்னாருன்னா வேற டாக்டரைப் பாரு.

பல்லடத்துல கோழித்தீவனத்துக்கு மக்காச்சோளம் வாங்கறவன் எப்படி வாங்கறான்? மூட்டையைத் தடவிப் பாத்து, "நல்ல சரக்கு மாதிரிதான் தெரியுது"ன்னு காசை எண்ணுவானா? குத்தூசியைச் சொருகி, உள்ளாற இருந்து ஒரு கை எடுத்து, பூஞ்சணம் இருக்குதா, வண்டு இருக்குதான்னு பாத்தப்புறந்தான் வெலையே பேசுவான். நாய்க் கட்டிக்கும் அதேதான். சாதா ஊசியை, தடுப்பூசி போடறதை விடப் பெருசெல்லாம் இல்ல, கட்டிக்குள்ள சொருகி நாலு தடவை முன்னும் பின்னும் அசைப்பாங்க. ஊசியில ஏறுனதைக் கண்ணாடித் தகட்டுல பீச்சி, காய வெச்சு, சாயம் ஏத்தி, மைக்ராஸ்கோப்புல பாப்பாங்க. மயக்க மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. நாயைப் புடிக்க ஒரு ஆளு, வாயில போட ஒரு பிஸ்கோத்து, அவ்வளவுதான் முட்டுவழி.

கொழுப்புக்கட்டியா இருந்தா மைக்ராஸ்கோப்புக்கு முன்னாடியே பாதி நாயம் தெரிஞ்சுரும். கண்ணாடித் தகட்டுல பீச்சினது எண்ணெய்ச் சொட்டா மினுங்கிக்கிட்டு நிக்கும். காய வெச்சாலும் காயாது. நம்ம கள்ளனா இருந்தா செல்லு முழுக்க ஊதாப் பொடியா ரொம்பிக் கெடக்கும். சீழா இருந்தா அதுவும் தெரியும். செல கட்டியில செல்லு சிக்காது. அப்பத் துண்டு வெட்டி லேபுக்குத் தாட்டி உடோணும். இந்த ஊசிக்குப் போறதுக்கு முன்னால, "எதுக்கும் வீக்கம் கொறையறதுக்கு ஒரு ஊசி போட்டு வைங்க"ன்னு வழியில ஆருகிட்டயும் கேட்டுப்போடாதே. ஸ்டீராய்டு ஏத்தினா செல கெட்ட கட்டி தற்காலிகமாச் சுருங்கி, பொறவு எடுக்கற பரிசோதனையே கொழம்பிப் போயிரும்.

எல்லாக் கட்டிக்கும் இன்னிக்கே ஓடோணுமான்னு கேட்டீன்னா, இல்ல. பட்டாணியை விடப் பெருசா இருந்து, ஒரு மாசம் ஆகியும் போகலீன்னா ஊசி வெச்சுப் பாத்துரு. அதுவரைக்கும் ஒரு ரூபாக் காசைக் கட்டிக்குப் பக்கத்துல வெச்சு போட்டோ எடுத்து வெய்யி. அத்தனை போட்டோ எடுக்கறே, சாப்புடற சோத்தையெல்லாம் எடுக்கறே, இது ஒண்ணை எடுக்கறதுல என்ன கொறைஞ்சு போச்சு? ஆனா மாசக் கணக்கு பாக்காம ஓட வேண்டியதும் இருக்குது. வாரா வாரம் கண்ணுக்குத் தெரிய வளர்றது, புண்ணாகி ரத்தமோ நாத்தமோ வர்றது, எலும்போட ஒட்டிக்கிட்டு அசையாதது, வாய்க்குள்ளயும் கால் வெரல்லயும் வர்றது. வாய்க்குள்ள கறுப்பா வர்ற கட்டியில பொல்லாதது நெம்ப. வெள்ளை முடியும் ரோஸ் தோலுமா இருக்கற நாயி, இந்த ராஜபாளையம் நாயாட்டம், நாள் பூரா வெய்யில்ல வயித்தைக் காட்டிப் படுத்துக்கெடந்தா அங்க வர்ற புண்ணையும் தடிப்பையும் சும்மா விடாதே. தாடைக்கு அடியில, தோளுக்கு முன்னால, பின்னங்கால் முட்டிக்குப் பின்னால, ரெண்டு பக்கமும் ஒண்ணா நெறி கட்டியிருந்தா அது தோல் கட்டியே இல்ல. உண்ணிக் காய்ச்சலா இருக்கலாம், ரத்த சம்பந்தமான புத்தாவும் இருக்கலாம். ரத்தப் பரிசோதனையும் சேத்துப் பண்ணோணும்.

இட்டேரியில திரியற நாய்களுக்குப் பின்பக்கம், அந்தரங்க எடத்துல, செவப்பா, கொழகொழன்னு, தொட்டா ரத்தம் கசியற கட்டி பாத்திருப்பே. அதைப் பாத்ததும் மூஞ்சியைத் திருப்பிக்கறே. உலகத்துலயே அதிசயமான கட்டி அது, தெரியுமா? ஆயிரக்கணக்கான வருசத்துக்கு முன்னால, ஆசியாவுல எங்கயோ ஒரே ஒரு நாய்க்கு வந்த புத்து. அந்த நாயி செத்து மண்ணாப் போச்சு. அதோட கட்டி மட்டும் இணைசேரும்போது அடுத்த நாய்க்குத் தொத்தி, அதுல இருந்து அடுத்ததுக்குன்னு, இன்னிக்கு வரைக்கும் உசுரோட சுத்துது. கிருமி தொத்தறது வேற, இங்க புத்துச் செல்லே ஆளு மாறுது. 1876-ல ரஷ்யாவுல நோவின்ஸ்கின்னு ஒரு மாட்டு டாக்டரு இதை ஒரு நாய்ல இருந்து இன்னொரு நாய்க்கு ஒட்ட வெச்சுக் காட்டினாரு. 2019-ல 43 நாட்டுல இருந்து 546 கட்டியை எடுத்து மரபணு படிச்சுப் பாத்தாங்க. எல்லாத்துக்கும் ஒரே மூதாதை. நம்மளால நாலு தலைமொறைக்கு மேல பாட்டன் பேரு சொல்ல முடியல, இந்தக் கட்டிக்கு வம்சாவளி அவ்வளவு சுத்தமா இருக்குது.

அத்தனை பழைய சீக்கு, ஆனா மருந்துக்கு நல்லா அடங்கற சீக்கும் அதேதான். வின்கிறிஸ்டின்னு ஒரு ஊசி, வாரம் ஒண்ணு, நாலஞ்சு வாரம் ரத்தக் கொழாயில ஏத்தினாப் பெரும்பாலான நாய்க்குக் கட்டி கரைஞ்சே போயிரும். அந்த மருந்து எதுல இருந்து வருது? நம்ம பொடக்காளியில ஊதாவும் வெள்ளையுமாப் பூத்துக் கெடக்குதே நித்தியகல்யாணி, சுடுகாட்டு ஓரத்துல ஆரும் தண்ணி ஊத்தாமயே நிக்குதே, அதுல இருந்து. ஒடனே எந்திரிச்சு அம்மியைத் தேடாதே. டன் கணக்கா எலையைக் காய வெச்சுக் கிராம் கணக்குல எடுக்கற வெசம் அது. ஊசியே ரத்தக் கொழாய்க்கு வெளிய ஒழுகினாச் சதை வெந்து போகும். நீ அரைச்சு ஊத்தினா கட்டியும் போகும், நாயும் போகும்.

பொட்டை நாய்க்கு மடியில, அஞ்சு சோடிக் காம்புல எதுல முடிச்சு தட்டினாலும் காசு வெச்சுப் போட்டோ எடுத்துக்கிட்டு உக்காராதே. அதுல பாதிக்குப் பாதி கெட்டதா இருக்கும், நுரையீரல் வரைக்கும் போகும். மொதத் தீட்டு வர்றதுக்கு முன்னாலயே கருத்தடை பண்ணின நாய்க்கு இது வர்றது நெம்ப அபூர்வம். "பாவம், ஒருக்காக் குட்டி போடட்டும்"ம்பாங்க நம்ம ஊட்டுப் பொம்பளைங்க. நாயி அப்படி ஆருகிட்டயும் கேட்டுக்கல. தீட்டு வராம இருக்க ஊசி போடறேன்னு ஒரு குறுக்கு வழி இருக்குது, அது மடிக் கட்டியையும் கருப்பைச் சீழையும் வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்புடற வேலை.

கைவைத்தியம் பண்றவங்களுக்கு ஒரு கும்புடு. கடப்பாரையைக் காய வெச்சுச் சூடு போடறது, மருவுக்குக் குதிரை முடி கட்டி இறுக்கறது, கட்டியை பிளேடுல கீறி உப்பு வெக்கறது, இதெல்லாம் பண்ணினா அடுத்த வாரம் ஈ மொய்ச்சுப் புழு வெச்சுரும். கட்டிக்குப் போக வேண்டிய நாயி புழுவுக்குப் போகும். உன்ற மூட்டு வலிக்கு வெச்சிருக்கற மாத்திரையை நாய்க்கு உடைச்சுப் போடாதே. புரூஃபனும் டைக்ளோவும் அதுக்குக் குடலைப் புண்ணாக்கும், கிட்னியைக் கெடுக்கும். அப்புறம் மாட்டுக்கு வந்த தோல் கழலை நாய்க்கும் ஒட்டிக்கிச்சான்னு பக்கத்துத் தோட்டத்துக்காரரு கேட்டாரு. அது மாட்டுச் சீக்கு, நாய்க்கு வராது. நாயைப் பாத்து அவரு மாட்டை அக்கட்டால கட்ட வேண்டியதில்ல.

நாய்க்குப் போயி இத்தனை செலவான்னு ஒருத்தன் கட்டாயம் கேப்பான். திருவண்ணாமலைச் சீமையில எடத்தனூருல ஒரு நடுகல்லு இருக்குது, மகேந்திர பல்லவன் காலத்துது, 1,400 வருசம் இருக்கும். கள்ளனைக் கடிச்ச நாய்க்குக் கோவிவன்னு பேரையும் வெட்டி நட்டு வெச்சிருக்கறாங்க. கேக்கறவன் பேரை எந்தக் கல்லுல வெட்டியிருக்குதுன்னு கேட்டுப் பாரு.

கோயமுத்தூருல டவுன்ஹால் பக்கமே கால்நடை மருத்துவமனை இருக்குது. பெரிய காரியமா இருந்தா நாமக்கல் கால்நடைக் கல்லூரி 1985-ல இருந்து இருக்குது, உடுமலையிலயும் இப்பக் கல்லூரி வந்துருச்சு. 1962-க்குப் போன் போட்டா ஆம்புலன்ஸ் வருதாமேன்னு கெளம்பாதே, அது கட்டுத்தரையில எந்திரிக்க முடியாமப் படுத்த மாட்டுக்கு வரட்டும். உன்ற நாயி பந்தைக் கவ்விக்கிட்டு ஓடுது. கட்டியை அறுத்து எடுத்தாங்கன்னா, "அதைக் குப்பையில போட்டுராதீங்க, லேபுக்கு அனுப்புங்க"ன்னு சொல்லு. ஓரம் வரைக்கும் சுத்தமா வந்துருச்சான்னு அவங்க பாத்துச் சொன்னாத்தான் அறுத்ததுக்கு அர்த்தம். போகையில வாய்க்கு ஒரு கட்டு எடுத்துட்டுப் போ. வலிக்கற எடத்துல ஊசி பட்டா சாது நாயும் கவ்வும். கவ்வுச்சுன்னா சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடற தண்ணியில கழுவிப்போட்டு நீயும் ஊசிக்குப் போ. மசை நாய்க் கடிக்கு மருந்து பண்ண 1907-லயே குன்னூருல ஆஸ்பத்திரி தொறந்த சீமை இது, ஊசிக்குப் பஞ்சமில்ல.

டாக்டரு மொதல்ல கேக்கறது, "எப்ப இருந்து இருக்குது?" நீ மேல பாப்பே. தைப்பூசத்துக்கு முன்னாலயா, மாரியம்மன் நோம்பிக்குப் பொறகான்னு உங்கம்மாவுக்குப் போன் போடுவே. தண்ணி வாக்கறது ஆரு, உண்ணி பாக்கறது ஆரு, போசியில சோறு வெக்கறது ஆரு? அம்மிணிதானே. அதைக் கூட்டிட்டுப் போயிப் பேச விடு, நீ வண்டியை ஓட்டு போதும். பெட்ரோலுக்கு என்கிட்டக் கை நீட்டாதே.